பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேதம் வாசிப்போம்

(பங்கு யூபிலி விழாவையொட்டி, போத்தனூரில் நடைபெற்ற குடும்பங்களின் கூடுகையில், பணி ஓய்வு பெற்ற இரயில்வே தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. சிக்னல் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவன்; கையால் பேசத் தெரியும், வாயால் பேசத் தெரியாது. "நம் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் வேதாகமத்தைக் கொண்டு செபிப்பது எப்படி?" என்ற தலைப்பைத் தந்தபோது, "சாமி, இதை ஒரு குருவானவர் பேசினால் நன்றாயிருக்குமே" என்றேன். "பிள்ளை பெற்றவர் பேசட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பெற்றவன் என்ற முறையில் பேசுகிறேன். படித்ததைக் கொஞ்சமும், பட்டதை அதிகமும் சொல்லுவேன்.

நம் போத்தனூர் எப்படிப்பட்ட ஊர்? வழியனுப்பி வைக்கிற ஊர். 1862 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நம் ஊர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. கோயமுத்தூருக்கே நம் ஊரிலிருந்துதான் பிறகு கிளைப்பாதை போட்டார்கள். அன்று முதல் இந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை தாய்மார்கள் கையசைத்திருப்பார்கள்! நம் பங்கின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பின. நாம் பெங்களூருக்கும் சென்னைக்கும், துபாய்க்கும் குவைத்துக்கும் அனுப்பினோம். இப்போது பேரப்பிள்ளைகளின் முகத்தை செல்போனில் பார்க்கிறோம். பிள்ளை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை கண்டிக்கலாம், கொஞ்சலாம், சோறு போடலாம். கையை விட்டுப் போனபின் நம்மிடம் மிஞ்சுவது என்ன? செபம் ஒன்றுதான்.

என் அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னக் குறிப்பிடமும் செபமாலையும் மனப்பாடம். அந்த நாளில் பூசை இலத்தீனில் நடக்கும். வீட்டில் வேதாகமம் வைத்து வாசிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் மிகக் குறைவு. ஆனால் பிரசங்கத்தில் கேட்ட தோபியாவின் சரித்திரம் மட்டும் அவருக்கு அத்துப்படி. நாங்கள் ஊருக்குப் புறப்பட்டால் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, "தோபியாவோடு போன சம்மனசு உன்னோடும் வரட்டும் கண்ணு" என்பார். அவ்வளவுதான் செபம். ஒரு வேத வசனமும் அவர் சொல்லவில்லை. ஆனால் அது வேதாகமத்தைக் கொண்டு செய்த செபம் இல்லையா? பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, விசுவாசிகள் எல்லாரும் வேதத்தைக் கையில் எடுக்கவேண்டும் என்று சொன்னது. 1995 இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்ற பெயரில் நம் கைக்கு வந்தது. இன்று புத்தகம் இல்லாத வீடு இல்லை. ஆனால் அலமாரியில் இருக்கிறதா, மடியில் இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் வேதத்திலே பெற்றோர் எப்படிச் செபித்தார்கள் என்று பார்ப்போம்.

யோபு என்ற மனிதர் விடியற்காலையில் எழுந்து தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்துவார் (யோபு 1:5). மொத்தமாக "என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று சொல்லி முடித்துவிடவில்லை. தலைக்கு ஒன்றாக எண்ணிச் செலுத்தினார். அதுவும், அவர்கள் உள்ளத்தில் தவறு செய்திருக்கக்கூடும் என்று நினைத்து, அவர்கள் கேட்காமலேயே செய்தார்.

அன்னா என்ற தாய் மகனுக்காக ஆலயத்தில் அழுதாள். பிறந்த மகன் சாமுவேலை ஆண்டவருக்கே கொடுத்தாள். கொடுத்துவிட்டோமே என்று விட்டுவிட்டாளா? ஆண்டுதோறும் ஒரு சின்ன மேலங்கி தைத்து எடுத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19). அந்த அங்கியின் அளவை எப்படி அறிந்திருப்பாள்? பக்கத்தில் இல்லாத பிள்ளை ஓர் ஆண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்திலேயே அளந்திருப்பாள். தாய்மார்களே, பிள்ளைக்காகச் செபிப்பதும் அப்படித்தான். பத்து வயதில் செய்த அதே செபத்தை முப்பது வயது மகனுக்குச் செய்யக்கூடாது. இன்று அவன் அளவு என்ன, அவன் பாரம் என்ன என்று நினைத்துச் செய்யவேண்டும்.

முதியவர் யாக்கோபு கண் மங்கிய வயதில் பேரன்கள் இருவரை அருகில் அழைத்தார் (தொடக்கநூல் 48). மூத்தவன் மனாசே வலப்பக்கம் நின்றான்; இளையவன் எப்ராயிம் இடப்பக்கம் நின்றான். தாத்தா கைகளைக் குறுக்காக மாற்றி வைத்து ஆசீர்வதித்தார். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடவுளின் வழி நம் வரிசைப்படி வராது என்று கிழவருக்குத் தெரிந்திருந்தது. நம் பேரப்பிள்ளைகளிலே முதல் மார்க்கு வாங்குகிறவனுக்கு வலக்கையும், பெயிலானவனுக்கு வெறுங்கையும் காட்டுகிறோமே, அது செபம் ஆகாது.

பவுல் அடியார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்று நினைவுபடுத்துகிறார் (2 திமொத்தேயு 1:5). சிறுவயது முதலே அவருக்கு மறைநூல் தெரியும் என்கிறார் (3:15). பாட்டியின் பெயர் வேதத்தில் இருக்கிறது, பாருங்கள்! திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஓர் உலக நாளையே ஏற்படுத்தினார். சுவக்கின், அன்னம்மாள் திருநாளை ஒட்டி ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறு அது. நமக்கு வேலை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். நரைத்த தலையோடும் அடுத்த தலைமுறைக்கு ஆண்டவரின் வல்லமையை எடுத்துச் சொல்லும்வரை கைவிடாதேயும் என்று கேட்கிற செபம் திருப்பாடல் 71 இல் இருக்கிறது. அது நம் வயதுக்காரர்களின் செபம்.

இதுவரை நல்ல செய்தி சொன்னேன். இனி என் குறையைச் சொல்லவேண்டும். மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொன்னால் அது பொய்யாகிவிடும்.

1996 இல் என் மூத்த மகன் நாங்கள் பார்க்காத பெண்ணை, வேறு சமயத்தைச் சேர்ந்த பெண்ணை, திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். நான் முடியாது என்றேன். அவன் பெங்களூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அன்று நான் சொன்ன வார்த்தைகளைக் கோவிலுக்குள் திரும்பச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகள் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளும் நான் செபிக்காமல் இல்லை. தினமும் இரவு வேதாகமத்தை எடுத்து உரக்க வாசிப்பேன். எதை வாசிப்பேன்? தந்தையை மதிக்காதவனைப் பற்றிச் சீராக் சொல்லுகிறதை வாசிப்பேன். நீதிமொழிகளில் அறிவற்ற மகனைப் பற்றி வருகிற இடங்களைத் தேடி வாசிப்பேன். ஊதாரி மகனின் கதையை வாசிப்பேன். பன்றிக் கொட்டில்வரை வாசித்து நிறுத்திக்கொள்வேன். என் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க படிக்கிறது செபமாட்டம் இல்லீங்க. வக்கீல் நோட்டீஸாட்டம் இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அப்போ நீ என்ன படிக்கிறே?" என்றேன். அவள் தன் புத்தகத்தைக் காட்டினாள். தோபித்து ஆகமம், பத்தாம் அதிகாரம். பக்கம் கசங்கிப் போயிருந்தது. மகன் தோபியா தூர தேசம் போய்த் திரும்பவில்லை. தாய் அன்னா ஒன்றும் உண்ணாமல், மகன் போன வழியைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் அந்த இடம். என் மனைவி மூன்று ஆண்டுகளாக அதையே வாசித்திருக்கிறாள். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் ஸ்டேஷன் ரோடு தெரியும். மாலையில் அவள் ஏன் வாசலில் நிற்கிறாள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரத்து ஞாயிறன்று கொலோசையர் திருமுகத்தை எடுத்தேன். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று அதில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்த வசனம். ஆனால் அடுத்த வசனத்தில் தந்தையருக்கு ஒரு கட்டளை இருக்கிறது: பிள்ளைகளை எரிச்சலூட்டி மனந்தளரச் செய்யக்கூடாது என்று (3:21). எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பேன்! ஒரு வசனத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த வசனத்தை வாசிக்காமலே மூடியிருக்கிறேன். அன்று ஊதாரி மகனின் கதையையும் முழுவதும் வாசித்தேன். கதையின் முடிவில் வெளியே நிற்பது யார்? போன மகன் வீட்டுக்குள்ளே விருந்தில் இருக்கிறான். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறவன், எல்லாம் ஒழுங்காய்ச் செய்த மூத்தவன். அவனிடத்தில் நான் என்னைக் கண்டேன்.

ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கி எழுதினேன். "தம்பி, அப்பா எழுதுகிறேன். தப்பு என்மேலும் இருக்கிறது. அம்மா தினமும் வாசலில் நிற்கிறாள். நீங்கள் இருவரும் வாருங்கள்." இவ்வளவுதான். பத்தாம் நாள் இருவரும் வந்தார்கள். மடியில் ஒரு வயதுக் குழந்தை. எனக்குப் பேரன் பிறந்ததே எனக்குத் தெரியாது. அந்த ஓராண்டை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

அதன்பின் எல்லாம் நலமாக முடிந்தது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் உண்மை அதுவல்ல. என் மகன் இன்றும் கிறிஸ்துமசுக்கும் பாஸ்காவுக்கும் மட்டுமே கோவிலுக்கு வருகிறான். நான் இன்றும் செபிக்கிறேன். ஆனால் வேதாகமம் இப்போது அவன் தலைக்குமேல் ஓங்கிய தடியாக இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே வைத்த விளக்காக இருக்கிறது. மருமகள் பண்டிகைக்கு வரும்போது மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோபித்து கதையைக் கேட்டாள். கூடப் போன நாயைப்பற்றி வருகிற இடத்தில் சிரித்தாள். பேரன் வேலைக்கு வெளியூர் போனபோது, "அப்பாரு, நெத்தியில சிலுவை போடுங்க" என்று தானாகவே குனிந்தான். அம்மிச்சியின் பெருவிரல் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆகவே என் அனுபவத்திலிருந்து மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, வேத வசனம் மந்திரம் அல்ல, எல்.ஐ.சி. பிரீமியமும் அல்ல. தவறாமல் கட்டினால் ஒன்றும் நேராது என்று யாரும் எண்ணவேண்டாம். விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளுக்காகப் பலி செலுத்தினாரே யோபு, அவருடைய பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் மாண்டார்கள் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது அரசர் ஏழு நாள் நோன்பிருந்து மன்றாடியும் குழந்தை இறந்தது (2 சாமுவேல் 12). நம் பங்கிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். "நீ சரியாகச் செபிக்கவில்லை" என்று அவர்களிடம் யாரும் சொல்லத் துணியவேண்டாம். தாவீது எழுந்து முகம் கழுவி ஆண்டவரின் இல்லத்துக்குப் போனார். பதில் கிடைக்காத இடத்திலும் அவர் கடவுளை விட்டுப் போகவில்லை. அதுவே நமக்குப் பாடம்.

இரண்டாவது, வசனத்தைப் பிய்த்து எடுக்கவேண்டாம். எரேமியா 29 ஆம் அதிகாரத்தில் நல்வாழ்வுக்கான திட்டம்பற்றி ஒரு வசனம் வருகிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதை எழுதிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். எழுபது ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்றும் அதே கடிதம் சொல்லுகிறது. உடனே கிடைக்கும் என்று சொல்லவில்லை. முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். நம்பிக்கை குறையாது, ஆழமாகும்.

மூன்றாவது, "முன்னோர் செய்த பாவம் பிள்ளையைப் பிடித்திருக்கிறது" என்று சிலர் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். எசேக்கியேல் 18 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று ஆண்டவரே அங்கே தெளிவாகச் சொல்லுகிறார். பயத்தில் செய்யும் செபம் வேறு, அன்பில் செய்யும் செபம் வேறு.

இன்னொரு காரியம்: நாம் கேட்கிறது ஒன்று, கடவுள் தருவது வேறொன்றாக இருக்கலாம். புனித மோனிக்கம்மாளைப் பாருங்கள். மகன் அகுஸ்தீன் உரோமைக்குக் கப்பலேறக்கூடாது என்று கடற்கரைக் கோவில் ஒன்றில் இரவெல்லாம் அழுது செபித்தாள். அவனோ தாயை ஏமாற்றிவிட்டு அந்த இரவே கப்பலேறிப் போய்விட்டான். செபம் கேட்கப்படவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலானுக்கு, அம்புரோசியார் ஆயரிடம் கொண்டு சேர்த்தது. 386 இல் உரோமையர் திருமுகத்தின் சில வரிகளை வாசித்து மனம் மாறினான். 387 பாஸ்காவில் ஞானஸ்நானம் பெற்றான். அதே ஆண்டிலே தாய் ஒஸ்தியா துறைமுக ஊரில் நிம்மதியாகக் கண்மூடினாள். அந்தத் தாயின் கண்ணீரில் விளைந்த அகுஸ்தீனின் பெயரைத் தாங்கும் சபையிலிருந்துதான் 2025 இல் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தாயின் அழுகை பதினாறு நூற்றாண்டுகளைத் தாண்டி வருகிறது.

நம் கோவைக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. நம் பகுதிக்கு ஆயராக இருந்த முதல்வர் மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை பிரான்சு நாட்டவர். அவர் வேத போதகராகத் தூர தேசம் போவதில் அவருடைய தகப்பனாருக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் 1842 இல் அவர் நம் நாட்டுக்கு வந்தார். 1846 இல் நம் கருமத்தம்பட்டியிலேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறகு ஆப்பிரிக்க மக்களுக்காக ஒரு சபையை நிறுவி, 1859 இல் அங்கேயே நோயால் இறந்தார். 2020 இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. மகனை விட மனமில்லாத ஒரு தகப்பனின் வருத்தத்துக்கு மறுபுறத்தில்தான் நம் மறைமாவட்டம் முளைத்தது. பிள்ளை நம் சொத்து அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவன்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? நாங்கள் செய்யும் முறையைச் சொல்லுகிறேன். இரவு செபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் போதும். ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசிக்கவேண்டும். சற்று மௌனமாக இருக்கவேண்டும். பிறகு அந்தப் பகுதியில் பிள்ளையின் பெயரைச் சேர்த்து நம் சொந்த வார்த்தையில் கேட்கவேண்டும். கடைசியாக, "இவனுக்காக நான் நாளை என்ன செய்யவேண்டும்?" என்று ஆண்டவரிடம் கேட்கவேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது இன்லண்டு லெட்டர்.

கிழமைக்கு ஒன்றாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

திங்கள்: திருப்பாடல் 121. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள், பயணத்தில் இருப்பவர்கள், இரவு டியூட்டி பார்ப்பவர்களுக்காக. உறங்காமல் காக்கிறவரைப் பற்றிய பாடல் அது.

செவ்வாய்: யோவான் 4:46-54. நோயாளிப் பிள்ளைகளுக்காக. மகன் கப்பர்நாகுமில் சாகக் கிடக்கிறான். தகப்பன் கானாவில் நிற்கிறான். ஆண்டவர் கூடப் போகவில்லை. ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அதை நம்பி அந்த மனிதன் வீட்டுக்கு நடந்தான். தூரத்தில் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதல் இல்லை.

புதன்: சாலமோனின் ஞானம் 9 ஆம் அதிகாரம். படிப்பு, வேலை, திருமணம் இவற்றில் நல்ல முடிவெடுக்க.

வியாழன்: எபேசியர் 3:14-19. அவர்களுடைய உள்மனிதன் வலுப்பெற, விசுவாசம் வேரூன்ற.

வெள்ளி: லூக்கா 15:11-32. விலகிப் போனவர்களுக்காக. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

சனி: லூக்கா 2:41-52. மாதாவோடு சேர்ந்து வாலிப வயதுப் பிள்ளைகளுக்காக. பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடிய தாய் அவள். அவன் சொன்ன பதில் புரியாதபோதும் உள்ளத்தில் இருத்திக்கொண்டாள்.

ஞாயிறு: எண்ணிக்கை 6:22-27. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஆசி கூறுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குப் போனில் கூறுங்கள். "என்னப்பா இது புதுசா இருக்கு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த ஞாயிறு அவர்களே எதிர்பார்ப்பார்கள்.

அன்பார்ந்தவர்களே! யூபிலி ஆண்டு என்றால் என்ன? லேவியர் 25 ஆம் அதிகாரத்தின்படி, அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. கோவிலுக்கு வெள்ளையடித்துவிட்டோம், கொடி ஏற்றிவிட்டோம், தேர் இழுத்துவிட்டோம். நம் வீடுகளில் பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள், மூன்று வருடமாக, ஐந்து வருடமாக வாசலை மிதிக்காத மகன்கள், மகள்கள் இல்லையா? அவர்களில் ஒருவருடைய பெயரை இன்று இரவு வேதாகமத்தின் முன் சொல்லுங்கள். நாளைக் காலையில் போன் செய்யுங்கள். என்னைப்போல ஒரு பேரக்குழந்தையின் முதல் ஆண்டை இழந்துவிடாதீர்கள்.

என் மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய வேதாகமத்தைத் திறந்தால் இன்றும் தானாகவே அந்தத் தோபித்து பக்கத்தில்தான் திறக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் புத்தகமும் இப்படி ஏதாவது ஒரு பக்கத்தில் கசங்கியிருக்கட்டும். ஒருநாள் அதைத் திறந்து பார்க்கும்போது, "இந்த இடத்தில் எனக்காக யாரோ அழுதிருக்கிறார்கள்" என்று அவர்கள் அறிந்துகொள்வார்கள்.



இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!